பனியன் வேஸ்ட்டா, பழைய ஓடா, கிளாஸ் வூலா: ஷீட் கூரைக்கு அடியில் எதைப் போடலாம்?

கொழிஞ்சாம்பாறையில் இருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் போகும் வழியில் என் தங்கையின் வீடு. மாடி ஒழுகுகிறது என்று ஆறு வருடத்துக்கு முன் ஜி.ஐ. பைப்பில் டிரஸ் (ஷீட்டைத் தாங்குகிற இரும்புச் சட்டம்) அடித்துக் கலர் ஷீட் போட்டார்கள். பாலக்காட்டுப் பக்கம் வந்து பாருங்கள், பாதி வீடுகளுக்கு இந்தத் தொப்பி உண்டு. துணி காயப்போடவும் கொப்பரை உலர்த்தவும் இருந்த இடம், பையன் பத்தாவது வந்ததும் படிக்கிற அறை ஆகிவிட்டது. சுவர் எழுப்பி, ஒரு ஜன்னல், ஒரு ஃபேன். மார்கழி, தையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கணவாய்க் காற்று உள்ளே புகுந்து நோட்டைத் தானே புரட்டும். பங்குனி பிறந்தால் அங்கே நிற்க முடியாது. "அடுப்புக்குள்ள உக்காந்து படிக்கிற மாதிரி இருக்குதுண்ணா, எதாச்சும் பண்ணுண்ணா" என்றாள் தங்கை.

போன ஏப்ரலில் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு ஷீட்டின் அடிப்பக்கம் பார்த்து என் லேசர் தெர்மாமீட்டரைப் பிடித்தேன். 62 டிகிரி காட்டியது.

மாப்பிள்ளையிடம் தயாராக ஒரு யோசனை இருந்தது. அவர் திருப்பூரில் இருந்து பனியன் கட்டிங் வேஸ்ட் எடுத்து நூல் மில்களுக்குக் கொடுக்கிறவர். "ஏனுங்க மச்சான், நம்ம குடோன்ல கிடக்கற வேஸ்ட்டைச் சாக்குல தச்சு ஷீட்டுக்கு அடியில கட்டிவுட்டா சூடு எறங்காதில்லீங்க? காசும் மிச்சம், குப்பையும் தீர்ந்துச்சு."

சூடு இறங்காது என்பது நிஜம்தான். பஞ்சு, பழைய காகிதத் தூள், தேங்காய் நார்ப் பலகை, பெட் பாட்டில் இழை, கிளாஸ் வூல் என்கிற கண்ணாடி இழைப் பஞ்சு எதை எடுத்தாலும் வெப்பம் கடத்தும் அளவு (வாட்/மீட்டர்-கெல்வின் கணக்கில்; எண் சின்னதாக இருந்தால் சூடு கடப்பது குறைவு) 0.035க்கும் 0.05க்கும் நடுவில்தான் விழும். இரண்டு அங்குலம் கட்டினால் எதில் கட்டினாலும் அறைக்குள் கிடைக்கிற குளுமையில் பெரிய வித்தியாசம் தெரியாது. இதனால்தான் விற்கிறவர்கள் எல்லோரும் அந்த எண்ணை மட்டும் காட்டுகிறார்கள். நான் இருபது வருடத்துக்கு மேலாக இரண்டு மாநிலத்திலும் வயரிங் வேலை பார்க்கிறவன். கூரைக்குள் நான் தலையை விடுவது பெரும்பாலும் எதாவது கருகிய பிறகுதான். அதனால் நான் பார்க்கிற எண் வேறு.

கூரைக்குள் நெருப்பு எங்கிருந்து வரும்?

"ஓலையா போடறோம்? பஞ்சுதானுங்களே, அதும் மேல ஷீட்டு இருக்குது" என்றார் மாப்பிள்ளை. ஓலை என்றதும் எனக்குக் கும்பகோணம்தான் ஞாபகம் வரும். 2004 ஜூலை 16, பள்ளிச் சமையல்கூடத்தில் பிடித்த தீ ஓலைக் கூரைக்கு ஏறி 94 பிள்ளைகள் போனார்கள். அன்றைக்கும் தீ பிடித்த இடம் ஒன்று, அதைப் பரப்பிய இடம் வேறு. வீட்டுக்குள் எந்த மூலையிலும் ஒரு பொறி வரலாம். அது பொறியாகவே அணையுமா, வீட்டைப் பிடிக்குமா என்பதைத் தலைக்கு மேல் கிடக்கிற பொருள்தான் முடிவு செய்கிறது.

தங்கை வீட்டில் பொறி வர மூன்று வழி இருந்தது. முதல் வழி அணில். தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிற வீட்டில் அணிலும் எலியும் வயரைக் கடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். மெத்துமெத்தென்று பஞ்சை வேறு கட்டிக் கொடுத்தால் அங்கேயே குட்டி போட்டுவிடும். இரண்டாவது, டேப் சுற்றிய ஜாயிண்ட். தளர்ந்த ஜாயிண்ட் சூடாகும், பொறி விடும், ஆனால் கரண்ட் கூடுவதில்லை, வெளியே கசிவதும் இல்லை. ஆகவே கரண்ட் கூடினால் விழுகிற எம்.சி.பி. ஸ்விட்ச் விழாது, கசிந்தால் விழுகிற ஆர்.சி.சி.பி.யும் விழாது. எல்லாம் இருக்குதே என்று தைரியமாகத் தூங்கிக்கொண்டிருப்போம்.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. கூரைக்குப் போர்வை போடும்போது வயருக்கும் சேர்த்துப் போர்த்தி விடுகிறோம். நம் வீடுகளில் இழுக்கிற பி.வி.சி. வயரின் கம்பி 70 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. சுற்றிலும் 60 டிகிரி இருக்கிற இடத்தில் அதே வயர் சாதாரணமாகச் சுமக்கிற கரண்டில் பாதியைத்தான் சுமக்க முடியும். பிரிட்டிஷ் வயரிங் விதியான பி.எஸ். 7671 இன்னொன்றும் சொல்கிறது: அரை மீட்டருக்கு மேல் நாலா பக்கமும் வெப்பத்தடைப் பொருளுக்குள் புதைந்து போகிற வயருக்கு மறுபடியும் பாதி. ஆக 20 ஆம்பியர் தாங்குகிற 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், ஷீட்டுக்கு அடியில் பஞ்சுக்குள் புதைந்துவிட்டால் 5 ஆம்பியருக்கு இறங்கிவிடும். ஒன்றரை டன் ஏ.சி. ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். போர்டில் இருக்கிற 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதா விஷயம், அது பாட்டுக்கு இருக்கும். வயர் மட்டும் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். அந்த வேகிற வயரைச் சுற்றி என்ன கட்டியிருக்கிறோம் என்று யோசித்துக்கொண்டு இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பனியன் வேஸ்ட்

வெறும் பருத்தி மளமளவென்று எரிந்து முடிவது குறைவு. அமுக்கி வைத்த பஞ்சுக்குள் பொறி விழுந்தால் உமித்தீதான். சின்ன வயதில் எங்கள் தெருவில் நகை ஆசாரி ஒருவர் இருந்தார். சட்டியில் உமியைக் கொட்டித் தணல் போட்டு வைத்திருப்பார். மேலே சாம்பல் பூத்து அணைந்த மாதிரி இருக்கும். ஊதுகுழலை வைத்து ஒரு ஊது ஊதினால் உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கும். பஞ்சும் அப்படித்தான். இரவு பத்து மணிக்கு விழுந்த பொறி, சத்தமில்லாமல் நார் நாராகத் தின்றுகொண்டே போய், காற்றுள்ள ஒரு சந்தை விடியற்காலை மூன்று மணிக்கு எட்டும்போது குப்பென்று பிடிக்கும். அதற்குள் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது.

அதே ஆசாரியிடம் இன்னொரு டப்பாவும் இருந்தது, வெங்காரம். பொடி வைத்து ஊதும்போது பற்று இளகி ஓட அதைத்தான் போடுவார். பஞ்சுக்கும் காகிதத்துக்கும் உலகம் முழுக்க அதிகம் போடுகிற தீத்தடை மருந்து அந்த வெங்காரமும் அதன் உறவான போரிக் ஆசிடும்தான். அமெரிக்காவில் பழைய ஜீன்ஸ் துணியைப் பிய்த்து இந்த மருந்து ஏற்றி, சுவருக்குள் வைக்கிற மெத்தைகளாக விற்கிறார்கள். மருந்து சரியாக ஏறியிருந்தால் தீ பட்ட இடம் கரியாகி அங்கேயே நின்றுவிடும். கரையானுக்கும் கரப்பானுக்கும்கூட அது ஆகாது.

"அப்ப வெங்காரத் தண்ணியில முக்கி எடுத்துக் காயப்போட்டாப் போச்சுங்" என்றார் மாப்பிள்ளை. அங்கேதான் சிக்கல். தொட்டியில் முக்கினால் மேல்பக்கம் குடிக்கும், மூட்டையின் நடுப்பக்கம் வெறுமையாகவே நிற்கும். இன்னொன்று, வெங்காரம் தண்ணீரில் கரைகிற சரக்கு. இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், ஸ்க்ரூ ஓட்டை வழியாக ஒரு சொட்டு ஒழுகினாலும் அந்த இடத்து மருந்து கழுவிக்கொண்டு இறங்கிவிடும். ஒழுகுகிற இடமும் வயர் இறங்குகிற இடமும் எங்கள் ஊர் வீடுகளில் பெரும்பாலும் ஒன்றுதான். அது போக, கட்டிங் வேஸ்ட் எல்லாம் சுத்தப் பருத்தி இல்லை; பாலியஸ்டர் கலந்தது இருக்கும், எலாஸ்டிக் ஓரம் இருக்கும், தையல் மெஷின் எண்ணெய் இருக்கும். அவருக்கே தெரியும், ஒரு லோடு மாதிரி மறு லோடு வராது என்று. பழைய பொருளில் இருந்து செய்த எதற்கும் இது பொருந்தும். ஒரு லோடுக்கு வாங்கிய டெஸ்ட் சர்டிபிகேட் அடுத்த லோடுக்குச் சாட்சி சொல்லாது.

பழைய பேப்பர்

செல்லுலோஸ் என்ற பெயரில் விற்கிறார்கள். நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து பங்கு பழைய நியூஸ்பேப்பர், மீதி தீத்தடை மருந்து. பேப்பரைக் கூரையில் போடுவதா என்று சிரிக்க வேண்டாம். ஒழுங்காகச் செய்த சரக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தாங்கும். இறுக்கமாக அடைத்திருப்பதால் தீக்குக் காற்றுக் கிடைக்காது, மேல்பக்கம் கரி கட்டிக்கொள்ளும்.

ஆனால் அந்த ஒழுங்கு தானாக வரவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் எல்லோரும் வீட்டுக்கு வெப்பத்தடை போடக் கிளம்ப, சின்னச் சின்னப் பட்டறைகள் பேப்பரை அரைத்து அரைகுறையாக மருந்து கலந்து விற்றன. 1978இல் அவசரமாகச் சட்டமே போட வேண்டியதாயிற்று. அங்கே இன்றும் உள்ள விதிப்படி, புகைந்து எரிகிற சோதனையில் சரக்கின் எடை 15 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. சூடாகும் விளக்குகளை ஒட்டிப் போடாதே என்று மூட்டையிலேயே அச்சடிக்கவும் வேண்டும். வாங்குகிறவர்கள் மருந்து எது என்றும் கேட்க வேண்டும். வெங்காரத்துக்குப் பதில் விலை குறைந்த அம்மோனியம் சல்பேட் போட்டிருந்தால், ஈரம் பட்டதும் அது செம்பையும் இரும்பையும் அரிக்க ஆரம்பிக்கும். ஜி.ஐ. டிரஸ்ஸுக்கும் வயருக்கும் அது நல்லதில்லை.

மிஷின் வைத்து ஊதி அடைக்கிற ஆள் நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஷீட்டின் மடிப்புக்குள் எல்லாம் இடைவெளி, கீழே கொட்டும். தங்கை வீட்டுக்கு இது வேண்டாம் என்று சீக்கிரம் ஒதுக்கிவிட்டோம்.

தேங்காய் நார்

பொள்ளாச்சி பக்கத்தில் இருந்துகொண்டு நாரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. கயிறு மில் எதிரில் மலை மாதிரிக் குவிந்திருக்கிற நார்க்கழிவு, நாங்கள் மஞ்சி என்போம், சும்மா கொடுத்தால்கூட எடுக்க ஆள் இல்லாத காலம் ஒன்று இருந்தது. இன்று அதைக் கட்டியாக்கி ஏற்றுமதி செய்கிறார்கள். பலகையாக அழுத்தியும் விற்கிறார்கள். அதன் குணம் தெரிய வேண்டும் என்றால் தீப்பிடித்த மஞ்சிக் குவியல் ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும். ஃபயர் வண்டி வந்து தண்ணீர் அடித்துவிட்டுப் போகும். மறுநாள் காலையில் குவியலின் முதுகில் மறுபடி புகை. ஜே.சி.பி. வைத்துக் கிளறிக் கிளறி நனைத்தால்தான் தீரும். எடையைப் போல ஆறேழு மடங்கு தண்ணீர் குடிக்கிற பொருளே இப்படி என்றால், ஷீட்டுக்கு அடியில் நாலு மாதம் 60 டிகிரியில் காய்ந்தது எப்படி இருக்கும்? மருந்து ஏற்றாத நாரைக் கூரைக்குள் விட மாட்டேன். பிசின் போட்டு அழுத்திய நார்ப் பலகை கொஞ்சம் தேவலை, சுவரில் சத்தம் தடுக்க வைத்துக்கொள்ளலாம். சுவரில் என்றால் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

பாட்டில் இழை, தெர்மகோல், பப்பிள் ஷீட்

இவை எல்லாம் பிளாஸ்டிக். குணம் வேறுவேறு.

பெட் பாட்டிலை உருக்கி இழையாக்கிய ஃபெல்ட் தொட இதமாக இருக்கும், அரிப்பு இல்லை, ஈரம் குடிக்காது, உமித்தீ பிடிக்காது. கடைக்காரர் லைட்டரைக் காட்டினால் இழை சுருண்டு தள்ளிப் போய்விடும், "பாருங்க, பத்தலை" என்பார். சின்னத் தீயிடம் இருந்து அது ஓடிப்போகிறது, அவ்வளவுதான். ஓட இடம் இல்லாத பெரிய தீயில், 250 டிகிரியைத் தாண்டியதும் உருகி எரிகிற சொட்டாகக் கீழே விழும். கீழே கட்டில், புத்தகம், பையன். நடுவில் ஜிப்சம் போர்டு இருந்தால் பரிசீலிக்கலாம், இல்லாவிட்டால் கூடாது.

தெர்மகோல் 80 டிகிரிக்கு மேல் இருக்கவே தகுதி இல்லாத பொருள், 100ஐ ஒட்டி இளகிவிடும், எரிந்தால் கறுப்புப் புகை கண்ணை மறைக்கும். பழைய தெர்மகோலை அரைத்துச் செய்ததில் இன்னொரு வில்லங்கம். முன்பு அதில் தீத்தடைக்குப் போட்ட ஹெச்.பி.சி.டி. என்ற ரசாயனம் 2013இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் சேர்ந்தது. அரைத்த சரக்கில் அது இருந்தால் கெடுதல். இல்லை என்றால் தீத்தடையே இல்லாத பேக்கிங் தெர்மகோலாக இருக்கலாம், அதுவும் கெடுதல். அலுமினியத் தாள் ஒட்டிய பப்பிள் ஷீட்டைக் கோழிப்பண்ணைக்கும் குடோனுக்கும் எல்லோரும் போடுகிறார்கள். பளபளப்பு வெளிப்பக்கம் மட்டும்தான். உள்ளே இருக்கிறது 110 டிகிரிக்குக் கிட்டே உருகுகிற பாலித்தீன். இதே குடும்பத்துப் பாலித்தீனை அலுமினியத் தகட்டுக்கு நடுவில் வைத்து வெளிச்சுவருக்கு ஒட்டிய லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீ 72 பேரைக் கொன்றது. நாலாவது மாடியில் ஒரு ஃபிரிட்ஜில் ஆரம்பித்த தீ அது. பொள்ளாச்சி பஜாரில் கடை முகப்பு எல்லாம் என்ன தகடு என்று அண்ணாந்து பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

டெட்ரா பேக் டப்பாவை அரைத்து அழுத்திய பச்சை ஷீட்டும் வருகிறது. டப்பாவில் முக்கால் பங்கு காகிதம், ஐந்தில் ஒரு பங்கு பாலித்தீன், மீதி அலுமினியம். மாட்டுக் கொட்டகைக்கு வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். படுக்கிற அறைக்கு நான் போட மாட்டேன்.

பழைய ஓடு

என் மனசு முதலில் போனது இதற்குத்தான். மறுபயன்பாடு என்றால் இதைவிடப் பழைய வழி உண்டா? ஃபரோக், திருச்சூர் கம்பெனி முத்திரை குத்திய ஓடுகள், இடித்த வீட்டில் இருந்து இறக்கியவை, பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் மரக்கடைகளில் அடுக்கிக் கிடக்கும். சூளையில் வெந்து வந்த பொருளுக்கு இனி நெருப்பிடம் பயம் இல்லை. கீழே சீலிங் ஓடு, மேலே மங்களூர் ஓடு, நடுவில் காற்று. வேறெதுவும் வேண்டாம்.

எடை கெடுத்தது. ஓடு ஒன்று ஏறக்குறைய இரண்டரைக் கிலோ, சதுர மீட்டருக்குப் பதினைந்து என்றால் நாற்பது கிலோவை ஒட்டி வரும். அரை மில்லி ஷீட் சதுர மீட்டருக்கு நாலைந்து கிலோதான். ஷீட்டுக்கு என்று அடித்த டிரஸ்ஸில் பத்து மடங்கு எடை ஏற்ற வெல்டிங் ஆசாரி ஒப்புக்கொள்ளவில்லை, அவர் சொன்னதும் சரி. புதிதாக டிரஸ் அடிக்கிறவர்கள் முதலிலேயே ஓட்டுக்குக் கணக்குப் போட்டு அடித்தால் இந்தக் கட்டுரையில் பாதி அவர்களுக்குத் தேவைப்படாது.

கிளாஸ் வூல், ஸ்லாக் வூல்

வேடிக்கை என்னவென்றால், "மறுசுழற்சி" என்று பெரிய எழுத்தில் போடாமல் விற்கிற கிளாஸ் வூலும் உடைந்த கண்ணாடியை உருக்கி இழுத்ததுதான். சில கம்பெனிகளில் பாதிக்கு மேல் பழைய கண்ணாடி. ஸ்லாக் வூல் இரும்பு உலையில் மிஞ்சுகிற கசடு. குப்பையைத் தீர்க்க வேண்டும் என்கிற மாப்பிள்ளையின் ஆசை இதிலும் தீரும், அவர் குடோன் குப்பை தீராது என்பதைத் தவிர.

கண்ணாடிக்குத் தீப்பிடிக்காது. 600, 700 டிகிரிக்கு மேல் இளகும். கசடு வூலும், பாறையை உருக்கி இழுத்த ராக் வூலும் 1000 டிகிரியைத் தாண்டியும் நிற்கும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. இழையைச் சேர்த்துப் பிடிக்கிற பிசின் கொஞ்சம் எரியும், முதலில் புகை விடும். அதைவிட முக்கியம் முகத்தில் ஒட்டியிருக்கிற தாள். பழுப்புக் கிராஃப்ட் பேப்பர் ஒட்டியது விலை குறைவு, அந்தப் பேப்பர் ஜோராக எரியும். கண்ணாடித் துணியின் மேல் அலுமினியம் ஒட்டியதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அரிப்பு எடுக்கும். மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் ஆள் ஏறக் கூடாது. கண்ணாடி நார் மூச்சில் போனால் ஆஸ்பெஸ்டாஸ் மாதிரிப் புற்றுநோய் வருமாமே என்று தங்கை பயந்தாள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2001இல் இந்த வகைக் கிளாஸ் வூலைச் சந்தேகப் பட்டியலில் இருந்து இறக்கிவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் இன்றும் உறுதியான பட்டியலில் இருக்கிறது. நனைந்தால் தடை போய்விடும் என்பது மட்டும் நிஜமான குறை. ஸ்க்ரூ ஓட்டைகளை முதலில் அடைத்தாக வேண்டும்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது

எந்தப் பொருளுக்கும் "எஃப்.ஆர்." (தீத்தடை உள்ளது) என்று இரண்டு எழுத்துப் போட்டு விற்பார்கள். அது மட்டும் இருந்தால் ஒன்றும் இல்லாததற்குச் சமம். எந்தச் சோதனை, எந்த வகுப்பு என்று இருக்க வேண்டும். ஐரோப்பிய முறையான ஈ.என். 13501-1இல் ஏ1, ஏ2 என்றால் எரியாத வகை, எஃப் கடைசி. பக்கத்தில் டி0 என்றால் எரியும் சொட்டு விழாது, எஸ்1 என்றால் புகை குறைவு. பிரிட்டிஷ் தரமான பி.எஸ். 476இல் நாலாம் பாகம் எரியாத தன்மைக்கானது. அமெரிக்கச் சோதனையான ஏ.எஸ்.டி.எம். ஈ 84இல் தீ பரவும் எண் 25க்குள் இருந்தால் முதல் வகுப்பு. பிளாஸ்டிக்குக்கான யு.எல். 94 என்று மட்டும் காட்டினால் ஏமாறாதீர்கள், அது சுண்டுவிரல் அகலத் துண்டில் சின்னத் தீ காட்டிப் பார்ப்பது; ஸ்விட்ச் பெட்டிக்குச் சரி, கூரைக்குக் காணாது. தனி வீட்டுக்கு யாரும் வந்து சீலிங்கைத் திறந்து பார்த்துச் சான்று கொடுக்கப் போவதில்லை, நாம்தான் கேட்டாக வேண்டும்.

மாப்பிள்ளை ஒப்புக்கொள்ளவில்லை என்பதால் நாங்களே ஒரு சோதனையும் செய்தோம். களத்தில், காற்றில்லாத நேரத்தில், ஒரு வாளித் தண்ணீரும் மணலும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளங்கை அகலத் துண்டுகள். பதினைந்து எண்ணும் வரை தீ காட்டி எடுக்க வேண்டும். பிறகு தானே அணைகிறதா, சொட்டுகிறதா, அணைந்த பிறகு உள்ளே சிவப்பு ஊர்கிறதா என்று பார்க்க வேண்டும். வெங்காரத் தண்ணீரில் முக்கிக் காயவைத்த பனியன் துண்டு நன்றாகவே அணைந்தது. "பாத்தீங்ளா மச்சான்!" என்று எழுந்தே விட்டார். அதே சரக்கில் இன்னொரு துண்டை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, மறுநாள் வெயிலில் காயவைத்துக் கொளுத்தினோம். தீ அணைந்தது, சிவப்பு அணையவில்லை. பத்து நிமிடம் குந்தியிருந்து பார்த்தோம். துண்டு ஓரம் வரைக்கும் சாம்பலாகிப் போயிற்று. அதற்கு மேல் அவர் பஞ்சைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் வீட்டுக்கு எடுத்த முடிவு

முதலில் ஷீட்டுக்கு வெளியே வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட், இரண்டு கோட். வெயிலை உள்ளே விட்டுத் தடுப்பதைவிட வெளியிலேயே திருப்பி அனுப்புவது மலிவு, கூரைக்குள் எரிய எதுவும் சேர்வதில்லை. கையில் காசு குறைவு என்றால் இதோடு நிறுத்திக்கொண்டு ஒரு வெயில் காலம் பாருங்கள் என்பேன். அடுத்து ஷீட்டை ஒட்டிக் கம்பி வலை இழுத்து 50 மில்லி கிளாஸ் வூல், அலுமினிய முகம் கீழ்ப்பக்கமாக. அதற்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு 12.5 மில்லி ஜிப்சம் போர்டு. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் கட்டுண்டு இருக்கிறது. அது ஆவியாகித் தீரும் வரை மறுபக்கம் 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. அமெரிக்க வீட்டு விதியில் ஃபோம் பிளாஸ்டிக் எதைப் போட்டாலும் அறைப் பக்கம் அரை அங்குல ஜிப்சம் போட்டு மூடு, கால் மணி நேரமாவது கிடைக்கட்டும் என்று இருப்பது இதனால்தான். கொஞ்சம் ஒழுகினால் ஊறிவிடும் என்று பயப்படுகிறவர்கள் கால்சியம் சிலிகேட் போர்டு போடலாம். பி.வி.சி. பட்டை சீலிங் வேண்டாம், எரிந்தால் அமிலப் புகை.

வயர் முழுவதையும் கழற்றிவிட்டு, அந்த ஒரு சாண் இடைவெளியில் பைப் போட்டுப் புதிதாக இழுத்தேன், வூலைத் தொடாமல். ஏ.சி. என்றைக்காவது வரும் என்று அதற்கு மட்டும் தனியாக 4 ஸ்கொயர். ஜாயிண்ட் எல்லாம் பெட்டிக்குள், பெட்டி கைக்கு எட்டும் இடத்தில். டவுன்லைட் ஆசையைத் தங்கை விட்டுக்கொடுத்தாள், சுவரில் ட்யூப்லைட். வாசற்படிக்கு மேல் பேட்டரியில் ஓடுகிற புகை அலாரம் ஒன்று. பஞ்சோடு ஒப்பிட்டால் செலவு ஆனது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மாப்பிள்ளையின் கணக்கில் பஞ்சு சும்மா வருவது.

இந்த ஏப்ரலில் ஜிப்சத்தின் அடிப்பக்கம் 36 காட்டியது. பையன் மதியத்தில் அங்கேயே இருக்கிறான்.

சாக்கில் தைத்து வைத்திருந்த பனியன் வேஸ்ட்டைத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லாமல், மெத்தைக்காரரைக் கூப்பிட்டு இரண்டு மெத்தை அடித்துவிட்டார் மாப்பிள்ளை. ஒன்று அந்த அறைக்கே போயிற்று. போன வாரம் நான் போனபோது பையன் அதில் படுத்துக்கொண்டே கேட்டான்: "ஏனுங்க மாமா, மேல போட்டா ஆகாதுன்னீங்க. இப்ப அதும் மேலதானே படுத்திருக்கறேன்?"

"இது கண்ணு முன்னால கிடக்குதில்ல சாமி. புகைஞ்சா மூக்குக்குத் தெரியும்" என்றபடியே குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருள் பாதி எரிந்து புகைந்துகொண்டிருந்தது. எடுத்துக்கொண்டுபோய் ஜன்னல் திண்டில் தட்டுக்குள் வைத்தேன்.